கொழும்பில் இத்தனை மாடி எழும்பியும் வீட்டு விலை ஏன் இறங்கவில்லை?

வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட் ஒன்றில் வாடகைக்கு இருக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “காலி வீதியில் எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் புது மாடிக் கட்டடம். பாதி ஃபிளாட்டில் இரவில் லைட் எரிவதில்லை. ஆனால் எங்கள் வாடகை வருடா வருடம் ஏறுகிறது, வாங்கும் விலையோ எட்டாத உயரத்தில் நிற்கிறது. அரசாங்கத்துக்கு வீட்டுக் கொள்கை என்று ஒன்று உண்டா? விலை இறங்கும் வரை காத்திருப்பதா, கடன் எடுத்து வாங்குவதா? கனடாவில் இருக்கும் தம்பி பாதிப் பணம் தருகிறேன் என்கிறான்.”

வங்கிகளுக்கு வீடு, காணி மதிப்பிட்டுக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க அளவு நாடாவும் காணி உறுதிப் பத்திரப் பிரதியுமாக அலைகிறவன் என்ற முறையில், பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கும் மாடிகள் உங்கள் சம்பளத்தை மனதில் வைத்து எழும்புகிறவை அல்ல. அவற்றை வாங்குகிறவர்களில் பலர் குடியிருக்க வாங்குவதில்லை. ரூபாயில் பணத்தை வைத்திருக்கப் பயந்து வாங்குகிறார்கள். அப்படி வாங்கியவருக்கு வீடு பூட்டிக் கிடந்தாலும் நட்டமில்லை, ஆகையால் விலையைக் குறைக்கவும் அவசரமில்லை. அரசாங்கத்துக்குக் கொள்கை உண்டு. அது ஏழையின் குடிசையைப் பற்றிப் பேசும், காணியின் பெறுமதியைப் பற்றிப் பேசும். மாதச் சம்பளத்தில் வாடகை கட்டும் குடும்பத்துக்கு அதில் ஐம்பது வருடமாக உருப்படியாக ஒன்றும் இல்லை.

நான் மதிப்பிட்ட ஒரு ஃபிளாட்டைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம், ஆறாம் மாடி, மூன்று அறை. உரிமையாளர் சுவிஸில். சாவி கீழே இருக்கும் காவலாளியிடம். ஏசியின் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படவில்லை. காஸ் அடுப்புக்குக் குழாயே பூட்டவில்லை. குழாயைத் திறந்தால் கொஞ்ச நேரம் துருத் தண்ணீர்தான் வருகிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது போக ஒரு நாள், வர இரண்டு நாள் அவர் அங்கே தங்குவாராம். ஏன் வாடகைக்குக் கொடுக்கவில்லை என்று தொலைபேசியில் கேட்டேன். “கொடுத்தால் பிறகு ஆள் எழும்பாது தம்பி” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீடுகள் எரிந்தபோது வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று அதே ஒழுங்கைகளில் திரும்ப வாங்குகிறார்கள். 1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த பிறகு கொழும்புக்கு வந்த சனத்துக்கு, தமிழ்ப் பெயரைக் கேட்டதும் “வீடு கொடுத்தாச்சு” என்று கதவைச் சாத்தாத இடங்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று சிலதான். அப்போது வாடகைக்கு வந்தால் முதல் வேலை பொலிஸில் பதிவதுதான். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம்தான் அதை நிறுத்தியது. சொந்த உறுதி கையில் இருந்தால் ஒருவரும் எழுப்ப முடியாது என்ற எண்ணம் அந்த வருடங்களில் ஊறியது. பொரளையிலோ நுகேகொடையிலோ அதே அளவு ஃபிளாட் குறைவாகக் கிடைத்தாலும் நம்மவர்கள் வெள்ளவத்தையில் கூடக் கொடுத்து வாங்குவதற்குக் காரணம் கோயிலும் கடையும் பள்ளிக்கூடமும் மட்டுமல்ல. பயத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்கள். மதிப்பீட்டு அறிக்கையில் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது.

அப்புறம் அந்த “ஆள் எழும்பாது” என்ற பேச்சு. அதற்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது.

1972இல் வந்த 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையை மாநகர சபை மதிப்பீட்டோடு சேர்த்துக் கட்டிப்போட்டது. குடியிருப்பாளரை எழுப்புவதையும் மிகக் கடினமாக்கியது. அடுத்த வருடமே, பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம், மிச்சம் அரசுக்கு, அங்கே குடியிருப்பவர் அதை வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கொட்டாஞ்சேனை, மருதானை, கொம்பனித்தெரு பக்கம் தலைமுறையாக வாடகை கட்டிய எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சட்டத்தால் வீட்டுக்காரர்கள் ஆயின. அது நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் வாடகைக்கு விடவென்று வீடு கட்டும் எண்ணத்தையே அதே சட்டங்கள் கொழும்பில் அழித்துவிட்டன. வருகிற வாடகை கூரை ஓட்டுக்கே போதாத நிலையில் சொந்தக்காரர் பழுது பார்க்கவில்லை, புதிதாகக் கட்டவும் இல்லை. 1980க்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். கடைசியாக 2023இன் முதலாம் இலக்கச் சட்டம், குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து இடத்தைச் சுருக்க நடைமுறையில் மீட்க வழி செய்தது. சட்டம் மாறி நாளாகிவிட்டது. சுவிஸ்காரரின் பயம் மாறவில்லை.

இதில் உங்களைப் போன்றவர்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பழைய சட்டம் உங்களைக் காப்பதில்லை, நீங்கள் இருப்பது புதுக் கட்டடம். புதுச் சட்டம் உங்களை எழுப்ப உதவுகிறது. வருடா வருடம் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கோ, ஒரு வருட அட்வான்ஸ் கேட்பதற்கோ எல்லை இல்லை. அட்வான்ஸ் திரும்பி வருமா என்பது வீட்டுக்காரரின் குணத்தைப் பொறுத்தது. ஒரு தலைநகரத்தின் நடுத்தர வர்க்கத்தை இப்படி வீட்டுக்காரரின் நல்ல மனதை நம்பி விட்டிருப்பது சரியில்லை. இதைக் கொள்கைப் பிரச்சினையாக எந்தக் கட்சியும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

மேடையில் பேசப்படுவது வீடு கட்டிய எண்ணிக்கை. இதில் வீடமைப்பு அமைச்சராகவும் இருந்த பிரதமர் பிரேமதாசாவின் காலத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். 1978இல் இலட்சம் வீட்டுத் திட்டம், 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் அறிவித்ததும் இலங்கையின் முன்மொழிவால்தான். பத்து இலட்சத்தில் பெரும்பகுதி அரசாங்கம் கட்டிய வீடுகள் அல்ல. சிறு கடன் கொடுத்து, சனம் தாங்களே கட்டிக்கொள்ள விட்டார்கள். கொழும்பில் தோட்டங்கள் என்று சொல்லும் குடிசைக் குடியிருப்புகளில் இரண்டு பேர்ச் காணிக்குக் கூட அனுமதி கிடைக்கும்படி விதியைத் தளர்த்தினார்கள். பொதுக் குழாய், கழிவறை, வடிகால் வேலைகளை அங்கிருந்த சங்கங்களிடமே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். குறை நிறைய இருந்தது. ஆனால் ஆளை இடத்தை விட்டுக் கிளப்பாமல் வீட்டைத் திருத்தலாம் என்று ஓர் அரசாங்கம் ஒருகாலத்தில் நம்பியது என்பதற்கு அது சாட்சி.

பிறகு பார்வை காணியின் பக்கம் திரும்பியது. 2001இல் வனாத்தமுல்லையில் சஹஸ்புர என்ற 14 மாடி, 671 வீட்டுத் தொகுதி திறக்கப்பட்டது. குடிசைக் காணியைக் கொடுத்துவிட்டு மாடியில் வீடு வாங்கிக்கொள், விடுபடும் காணியை விற்றுச் செலவை ஈடு செய்வோம் என்ற கணக்கு. நகர அபிவிருத்தி அதிகார சபை எடுத்த கணக்கில் கொழும்பில் இப்படிக் குடிசைக் காணிகளில் இருந்தவை 68,812 குடும்பங்கள். நகரத்தின் பாதிச் சனம். அவர்கள் இருந்த காணி சுமார் 900 ஏக்கர், நகரப் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. பாதிச் சனம் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது என்றால், நிலத்தை வீணாக்குகிறவர்கள் அவர்களாக இருக்க முடியுமா? ஆனாலும் திட்டத்தின் கண் விழுந்தது அந்தப் பத்தில் ஒன்றில்தான்.

2010இல் அந்த அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அந்த மே மாதமே கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தார்கள். அதன் பின் வனாத்தமுல்லை, தெமட்டகொடை, மட்டக்குளி, சாலமுல்லை என்று மாடித் தொகுதிகள் வரிசையாக எழும்பின. வீட்டின் அளவு 400 முதல் 500 சதுர அடி. அதற்கு ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாயைத் தவணையில் கட்டச் சொன்னார்கள். முன்பு உறுதியோடு சொந்த வீட்டில் இருந்தவர்களும் கட்டவேண்டி வந்தது. நீர் ஒழுகும் கூரையும் கால்வாய் வெள்ளமும் போனது உண்மை. பிள்ளைக்குப் படிக்க ஒரு மூலை கிடைத்ததாகச் சொல்லும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அதே தளத்தில் இடியப்பம் அவித்து விற்ற ஒரு அம்மாவையும் கண்டேன். தோட்டத்தில் இருந்தபோது விடியற்காலையில் வாசலில் சனம் நிற்குமாம். ஒன்பதாம் மாடிக்கு இடியப்பம் வாங்க யார் ஏறி வருவார்கள்? விறகு மூட்டவும் முடியாது, காஸ் விலையில் அவித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. லிஃப்ட் பழுதானால் செத்த வீட்டில் பெட்டியைப் படிக்கட்டால் இறக்க நான்கு பேர் திண்டாடுகிறார்கள். அந்த வீட்டின் மதிப்பை நான் சதுர அடியில் எழுதலாம். அந்த அம்மா இழந்த வாசலின் மதிப்பு எந்த நட்டஈட்டிலும் வரவில்லை. 2024 வரவு செலவுத் திட்டத்தில் இப்படியான 50,000 குடும்பங்களுக்கு வாடகையை நீக்கி முழு உரிமை தருவதாக அறிவித்தார்கள். உறுதி கையில் கிடைத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உறுதி வந்தபின் லிஃப்டையும் தண்ணீர்ப் பம்பையும் யார் பார்ப்பது என்ற கேள்வி இப்போது குடியிருப்பாளர் தலையில்.

இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. விடுபட்ட காணியில் எழும்பியதும், எழும்பப் போவதும் உங்களுக்கான வீடு அல்ல. நல்ல இடத்துக் காணியை நல்ல விலைக்குக் கொடுத்தால்தான் ஏழைக்குக் கட்டிய மாடியின் கடன் அடையும் என்ற கணக்கில், அங்கே சொகுசு மாடியும் ஹோட்டலும்தான் வரும். ஆக, நகரத்துக்குள் ஒன்று மிகச் சிறிய மானிய வீடு, இல்லாவிட்டால் கோடிக்கணக்கில் விலை போகும் வீடு. நடுவில் இருக்கிறவர்கள் மஹரகம, மாலபே, கடவத்தை, வத்தளை என்று வெளியே போகிறார்கள். மாநகரத்தின் சனத்தொகை 1971 கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ 5.6 இலட்சம், 2012 கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ 5.6 இலட்சம். நாற்பது வருடத்தில் இத்தனை கட்டடம் எழும்பியும் குடியிருக்கும் தலை கூடவில்லை.

சரி, விலை இறங்குமா? 2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாய் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 வரை சரிந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்டம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். சீமெந்து, கம்பி, டைல், லிஃப்ட் எல்லாம் டொலரோடு சேர்ந்து ஏறின. ரூபாய்க் கணக்கில் ஃபிளாட் விலை இறங்கவில்லை. ஆனால் 2 கோடி ரூபாய் ஃபிளாட் முன்பு ஒரு இலட்சம் டொலர். விலை மாறாமலே இருந்திருந்தால் 360இல் அது 56,000 டொலருக்கும் குறைவு. வெளிநாட்டில் உழைக்கிறவருக்கு மலிவு விற்பனை, இங்கே ரூபாயில் சம்பளம் எடுப்பவருக்கு மட்டும் மலை. மதிப்பிடப் போன இடங்களில் விற்பவர் எல்லோரும் அப்போது சொன்ன ஒரே வசனம், “காசை வாங்கி என்ன செய்ய?” அந்தப் பயம் இருக்கும் வரை, ரூபாயில் பெரிய இறக்கத்தை எதிர்பார்த்து வருடக்கணக்காகக் காத்திருக்கவேண்டாம். நடப்பது வேறு மாதிரி: விலை அப்படியே நின்று, பணவீக்கம் அதை உள்ளே அரிக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் செலவு வந்தால்தான் அது வாடகைக்கு வரும். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023இல் செய்த உடன்பாட்டைத் தொடர்ந்து, 2024 ஜூனில் கணிப்பு வாடகை வருமானத்துக்கு வரி, அதாவது வாடகைக்கு விடாத வீட்டுக்கும் வாடகை வருவதாகக் கணக்கிட்டு வரி, என்ற யோசனை வெளிவந்தபோது பெரிய கூச்சல். தான் குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு என்று சொல்லியும் சனம் அடங்கவில்லை, யோசனையும் தள்ளிப்போனது. ஆட்களைப் பயமுறுத்தாமல், சரியாக விளக்கி, ஆளில்லாத இரண்டாம் மூன்றாம் வீடுகளுக்கு மட்டும் அப்படி ஒரு வரி வைத்து, அந்தப் பணத்தை வாடகை வீடு கட்டச் செலவிட்டால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன். என் வாடிக்கையாளர் பலர் இதைக் கேட்டால் கோபிப்பார்கள்.

இனி உங்கள் கணக்கு. 2 கோடி ரூபாய் கடன், 20 வருடம், 12 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 2 இலட்சத்து 20 ஆயிரம். அதே கடன் 24 சதவீதத்துக்குப் போனால் 4 இலட்சத்தைத் தாண்டும். இது கற்பனை இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்த குடும்பங்கள் நகையை அடகு வைத்துத் தவணை கட்டின. தவறினால் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். பராட்டே என்று சொல்வார்களே, அதுதான். மறுபக்கம், 4 கோடி ரூபாய் ஃபிளாட் ஒன்று மாதம் 1 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு வாடகைக்குப் போனால் வருடத்துக்கு 15 இலட்சம். விலையில் நான்கு சதவீதம் கூட இல்லை. இப்படி விலைக்கும் வாடகைக்கும் இடையில் பள்ளம் இருக்கும் நாளில், கழுத்தளவு கடனில் வாங்குவதை விட வாடகைக்கு இருந்து சேமிப்பது முட்டாள்தனம் அல்ல. உறவினர் என்ன சொன்னாலும் சரி. வட்டி இரட்டிப்பானாலும் ஆறு மாதம் சமாளிக்கக் கையில் பணம் இருக்கிறது, குறைந்தது முதல் ஐந்து வருடமாவது நிலையான வட்டி கிடைக்கிறது, தவணை உங்கள் குடும்பச் சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்குள் நிற்கிறது என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வாங்குவதென்றால் வெள்ளவத்தையில் நான் அடிக்கடி காணும் ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். கட்டடம் முடிந்து சனம் குடியேறியிருக்கும், ஆனால் ஒவ்வொரு ஃபிளாட்டையும் தனிச் சொத்தாகக் காட்டும் கூட்டு ஆதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்காது. 1973இன் தொடர்மாடி உரிமைச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் உங்கள் ஃபிளாட்டுக்குத் தனி உறுதி எழுத முடியாது. கையில் இருப்பது கட்டியவரோடு செய்த உடன்படிக்கை மட்டும். விற்பவர் “இன்னும் மூன்று மாதத்தில் வந்துவிடும்” என்பார். வரைபடத்தையும், அனுமதித்தபடி கட்டடம் கட்டப்பட்டது என்ற சான்றிதழான சி.ஓ.சி.யையும் கண்ணால் பார்க்காமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். முப்பது வருடப் பதிவுகளை உங்கள் பக்க நொத்தாரிசு தேடவேண்டும், விற்பவரின் ஆள் அல்ல. கட்டடத்தைப் பராமரிக்கும் முகாமைத்துவச் சபையின் கடைசிக் கணக்கைக் கேளுங்கள். எத்தனை வீடு பராமரிப்புக் காசு பாக்கி வைத்திருக்கிறது என்பதில் லிஃப்டின் ஆயுள் தெரியும். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம், அதை வாங்குபவர்தான் கட்டவேண்டும். 3 கோடி ரூபாய் வீட்டுக்கு அதுவே கிட்டத்தட்ட 12 இலட்சம். பலர் இதைக் கணக்கில் சேர்க்க மறந்து கடைசி நேரத்தில் ஓடித் திரிகிறார்கள்.

தம்பியின் பணம் பற்றி. அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டுக் கனடாப் பிரஜையாகிவிட்டாரா, இரட்டைக் குடியுரிமை வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இரட்டைக் குடியுரிமை இருந்தால் உங்களைப் போலவே வாங்கலாம். இல்லாவிட்டால் 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும்: அவர் பெயரில் காணி எழுத முடியாது, நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள ஃபிளாட் வாங்கலாம், முழுப் பணமும் உறுதி எழுதும் முன்பே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வரவேண்டும் என்பது அதில் சொல்லியிருந்த நிபந்தனை. அந்தச் சட்டத்துக்குப் பின்னர் திருத்தங்களும் வந்தன, ஆகவே இன்றைய வாசகத்தை நொத்தாரிசிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் மட்டும் வாங்கி அவர் பாதி தருவதென்றால், அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்பதை இப்போதே எழுதிக் கையெழுத்து வையுங்கள். அம்மா அப்பா இருக்கும்போது எல்லாம் சுமுகமாகத்தான் இருக்கும்; பிரித்து விற்கவென்று அக்காவும் தம்பியும் தனித்தனி நொத்தாரிசோடு வந்து நின்ற ஃபிளாட்களை மதிப்பிட்டிருக்கிறேன். அவர் அனுப்பும் ஒவ்வொரு தொகையின் வங்கிப் பற்றுச்சீட்டையும் உறுதியோடு சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள், வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்ப விடாதீர்கள். நாளை விற்று அவர் பங்கைத் திரும்பக் கனடாவுக்கு அனுப்பப் போனால் வங்கி முதலில் கேட்கப்போவது அந்தப் பற்றுச்சீட்டுகளைத்தான்.